ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கையைப் பிடித்துக்கொள்ளும். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள், மளிகைச் சீட்டுக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் வியாதி இருந்தது, ஜெபித்தோம், குணமானது, ஸ்தோத்திரம் என்று முடிய வேண்டும். நான் சொல்லப்போவதில் யாருக்கும் எதுவும் குணமாகவில்லை. அதோடு, நான் சொல்லப்போகிறவர் நெற்றியில் திருநீறு பூசியிருந்தவர். எங்கள் சாட்சியில் அவரை எங்கே உட்காரவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் போன மழைக்காலத்தில் ஒரு காரியம் நடந்தது. அதற்குப் பிறகும் சும்மா இருந்தால் கர்த்தர் என்னைக் கேள்வி கேட்பார். அதனால் எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. அவரே வேண்டாம் என்றிருக்கிறார். “எம் பேரச் சொல்லி எங்கியும் ஒண்ணும் பேசாதீங்க கண்ணு. அப்பறம் ஆபீசுல கூப்புட்டு, ஏன் அப்பிடிப் பண்ணுன இப்பிடிப் பண்ணுனன்னு நோண்டுவாங்க” என்பார். நாங்கள் நர்சம்மா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மாதம் ஒரு தடவை வயசானவர்கள் இருக்கிற வீடாகப் பார்த்து வந்து, பிரஷர் சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவது அவர் வேலை. ஊர் குப்பனூர். காலையில் அடிவாரத்தில் பஸ் ஏறி மலைக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஜீப்பில் நெருக்கியடித்து மஞ்சக்குட்டைப் பக்கம் இறங்குவார். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகள் அதற்கும் கொஞ்சம் மேலே. ஒரு தோளில் பை, கையில் குடை. எவ்வளவு மழை பெய்தாலும் அந்தக் குடை விரிந்து நான் பார்த்ததில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். குடை நாய் விரட்டுவதற்கு.

வந்ததும் பையைத் திறக்க மாட்டார். அதுதான் அவரிடம் நான் முதலில் கவனித்தது. பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிறவரைப் பார்ப்பார்.

“எது முடிஞ்சாப் போதுமுங்க உங்களுக்கு?”

இதுதான் கேள்வி. எங்கே வலிக்கிறது, தூக்கம் வருகிறதா, என்ன சாப்பிட்டீர்கள் என்பதெல்லாம் அப்புறம். வயசானவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிபடாது. “நல்லா இருக்கறனுங்க” என்பார்கள். “அத நாங் கேக்கலீங்களே” என்பார். “முட்டி வலிக்குதுங்க” என்பார்கள். “வலிக்கட்டுமுங்க. அந்த வலியால எது முடியாமப் போச்சு, அதச் சொல்லுங்க.” பதில் வருகிற வரைக்கும் பை திறக்காது. அவசரப்படவும் மாட்டார். நான் கொடுக்கிற கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு, சுவரில் இருக்கிற வசனக் காலண்டரைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் லைனில் கடைசி வீட்டில் ஓர் அம்மா இருந்தார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தே முட்டி தேய்ந்துபோனவர். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒருநாள் வாயைத் திறந்தார்.

“பஸ்ஸுல நானா ஏறோணுமுங்க.”

“இப்ப எப்பிடி ஏறுறீங்க?”

“அந்தக் கண்டக்டர் பையன் கையப் புடிச்சு இழுக்கறான், மூட்டையத் தூக்கிப் போடறாப்புல. பஸ்ஸுல இருக்கறவங்க பூராவும் பாக்கறாங்க. அதுக்கே எம் மகளப் பாக்கப் போறத உட்டுட்டன்.”

“அட, இதச் சொல்றதுக்கு இத்தன நாளா?” என்று நர்சம்மா எழுந்து வெளியே போனார். வாசல் ஓரத்தில் கிடந்த தட்டைக் கல்லைக் காட்டி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி இறங்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அதன்மேல் இன்னொரு கல். வருகிறபோதெல்லாம் “கல்லு என்ன சொல்லுது?” என்றுதான் விசாரிப்பார். அந்த அம்மா முணுமுணுப்பார். “இவளுக்கு என்ற முட்டியவிட அந்தக் கல்லு மேலதான் அக்கறை.” ஆனால் ஒருநாள், பஸ் நிற்கிற இடத்தில், கண்டக்டர் கையை நீட்ட, இந்த அம்மா அந்தக் கையில் தன் பையைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறியதை நான் பார்த்தேன். அடுத்த தடவை நர்சம்மா வந்தபோது, “வலி எப்பிடிங்க இருக்குது?” என்று நான்தான் கேட்டேன். “அது இருக்குது அது பாட்டுக்கு” என்றார் அந்த அம்மா. முகமெல்லாம் சிரிப்பு.

நர்சம்மா வாயில் சர்க்கரை தடவிப் பேசுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். மாரமங்கலத்தில் என் தாய்மாமன் ஒருவர் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டார். நான் பார்க்கப் போயிருந்த அன்று இவரும் அங்கே வந்திருந்தார். வழக்கம்போலக் கேட்டார். மாமா திக்கித் திக்கி, “என்ற மொளகுத் தோட்டத்துக்கு நடந்து போகோணும்” என்றார். தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. நல்ல காலுக்கே சிரமமான இறக்கம்.

“அது முடியாதுங்க” என்றார் நர்சம்மா.

என் அத்தைக்கு வந்ததே கோபம். “ஏனுங்க இப்பிடி மூஞ்சில அடிச்சாப்புலச் சொல்றீங்க? ஆயிரும்னு ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?”

“பொய்யச் சொல்லிட்டுப் போலாமுங்க. அடுத்த மாசமும் நாந்தான இந்த மூஞ்சியப் பாக்க வரோணும்?” என்று சொல்லிவிட்டு மாமாவிடம் திரும்பினார். “அதுக்கு அடுத்தது எதுங்க?”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம். யோசித்திருக்கிறார். “காயற மொளகுக்குக் காவல் இருப்பன்” என்றார். அது நடந்தது. வாசலில் நாற்காலி போட்டு, நல்ல கையில் ஒரு கழியைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். கோழி வந்தால் விரட்டுவார், பாயில் மிளகைக் கிளறிவிடுவார், மகன்களை வாய் ஓயாமல் திட்டுவார். அந்த வீட்டில் மறுபடியும் மாமா குரல் கேட்க ஆரம்பித்தது. அத்தை அப்புறம் நர்சம்மாவுக்கு மிளகு கொடுத்தனுப்பினார். அவர் வாங்கவில்லை. “ரசம் வெச்சுக் குடுங்க, குடிச்சுட்டுப் போறன்” என்றாராம்.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

என் மாமனாரையும் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இளவயதில் சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி மிளகு பறித்தவர். திடமான உடம்பு. வயசான பிறகு இருதயம் பலவீனமாகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, உடம்பில் தங்குகிற நீரை வெளியேற்ற மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒன்று. நாங்கள் நீர் மாத்திரை என்போம். போட்ட கொஞ்ச நேரத்திலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வீக்கம் வடிந்துவிடும், மூச்சு நன்றாக இருக்கும்.

அதில் ஒரு விசித்திரம். செவ்வாயிலிருந்து வெள்ளி வரைக்கும் மனுஷர் நன்றாக இருப்பார். திங்கட்கிழமை விடிந்தால் இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி ஆகியிருக்கும், தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வாராவாரம் இதே கதை. நாங்கள் என்ன நினைத்தோம்? ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வந்து சாப்பிடுகிற கறிக்குழம்புதான் காரணம் என்று நினைத்தோம். உப்பு, எண்ணெய், மசாலா. கறியை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமையும் ரசம், கீரை. என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர், வாரத்தில் அந்த ஒரு வேளைக்காகவே உயிர் வாழ்கிறவர். “லெந்து நோம்பு நாளாட்ட வருசம் பூராவுமா?” என்று தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அப்படியும் திங்கட்கிழமை கால் வீங்கியது.

டாக்டர் கோபித்துக்கொண்டார். இப்படியே போனால் ஆபத்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது என்றார். என் நாத்தனார் சேலத்தில் இருக்கிறார். அப்பாவைக் கீழே அனுப்பிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்னது அன்பால்தான். என் வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். மாமாவின் துணிமணியை நான் மடித்து வைக்கும்போது, “என்ற பைபிளு மேல இருக்கட்டும் சாமி, அடியில வெச்சுறாத” என்றார். இந்த மலையில் பிறந்து, இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, இதே ஆலயத்தில் என் மாமியாரைக் கைப்பிடித்து, அவரை இதே கல்லறைத் தோட்டத்தில் வைத்தவர். கீழே போனால் திரும்பி வரமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரம்தான் நர்சம்மா முதல்முதலாக மாமாவைப் பார்க்க வந்தார். அதுவரை மாமா பெயர் பெரிய ஆஸ்பத்திரிக் கணக்கில் இருந்தது. பை மடியில், கை பைமேல்.

“ஏனுங்கப்பா, எது முடிஞ்சாப் போதுமுங்க உங்களுக்கு?”

“ஒண்ணும் வேண்டாமுங்கம்மா. கர்த்தர் பாத்துக்குவாரு.”

“அவரு பாக்கறத அவரு பாத்துக்குவாருங்க. நா என்னத்தப் பாக்கறது?”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். நர்சம்மா காப்பியை ஆற்றினார், குடித்தார், காலண்டரைப் படித்தார். என் வீட்டுக்காரர் பொறுமையில்லாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்.

“பாதில எந்திரிக்காம உக்காரோணுமுங்க” என்றார் மாமா.

“எங்கீங்க?”

“கோயில்ல.”

எனக்கு விளங்கவில்லை. நர்சம்மா என்னைப் பேசவிடாமல் கையைக் காட்டினார். மாமா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எங்கள் ஆலயத்தில் வயசான ஆண்கள் முன்னால் பாயில் உட்காருவது வழக்கம். மாத்திரை போட்டுக்கொண்டு போனால் பிரசங்கம் நடக்கும்போதே நெருக்கும். கையூன்றி எழுந்து, எல்லார் முன்னாலும் நடந்து, பின்பக்கம் படி இறங்கிப் போக வேண்டும். ஒருதரம் போய்த் திரும்பி வருவதற்குள், அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து முடிந்து, ஆயர் பாத்திரத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாராம். வாசல்படியிலேயே நின்றுவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறார். “என்னப்பா, பிரசங்கம் புடிக்கலீங்களா?” என்று யாரோ விளையாட்டாகக் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு தரம் படி இறங்குவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. அதை எங்களிடம் சொல்லாமல், குழாயடியில் வழுக்கிவிட்டேன் என்றிருந்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பின்பக்கம் போய்க் காப்பிச் செடியில் துப்பிவிடுவாராம். ஞாயிறு சரி, சனி எதற்கு? முந்தின நாளே மாத்தரய நிறுத்துனாத்தான் கோயில்ல தாங்கும் என்று அவராக ஒரு கணக்கு.

என் வீட்டுக்காரர் கத்திவிட்டார். “உசுரு முக்கியமா, கோயிலு முக்கியமாப்பா?”

மாமா அன்றைக்குத்தான் குரலை உயர்த்தி நான் கேட்டேன். “உசுர வெச்சுட்டு இருக்கறதே அங்க போயி உக்காரத்தானடா! சேலத்துல மூச்சு நல்லா வரும். வந்து? அங்க யாரு பக்கத்துல நா உக்காருவன்?”

நர்சம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்து, “தம்பி, அந்தக் காப்பிச் செடிக்குக் காலு வீங்கலீல்ல?” என்றார். கோபமாக இருந்தவர் சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு.

அப்புறம் நர்சம்மா சொன்னார். “மாத்தரய நானா மாத்த முடியாதுங்க. டாக்டரக் கேக்கோணும். நீங்க துப்பறதயும் சொல்லித்தான் கேப்பன். கோவிச்சுக்கக் கூடாது.” சிக்னலுக்காகப் பின்வாசல் மேட்டில் ஏறி நின்று போன் போட்டார். அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது. டாக்டர், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. “பெத்த மகங்கிட்டயே சொல்லல சார், வெக்கம்” என்றார். டாக்டர் ஒத்துக்கொண்டார். தினமும் போட வேண்டும், ஒருநாளும் விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலைக்குப் பதில், ஆலயம் முடிந்து வீடு வந்ததும் போடலாம். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாய் கருவாடு ஆகாது. மூச்சு முட்டினால் அந்த நிமிஷமே கூட்டிவர வேண்டும். ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் சேலம்தான். “கறி?” என்று என் வீட்டுக்காரர் கீழேயிருந்து சத்தம் போட்டார். அதையும் கேட்டார் நர்சம்மா. உப்புக் குறைத்துக் கொஞ்சம் சாப்பிடலாமாம்.

எல்லாம் முடிந்த பிறகு பையைத் திறந்து பிரஷர் பார்த்தார், காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், செல்போனில் ஆபீஸ் படிவத்தில் எண்களைத் தட்டினார். “கோயில்ல முழுசா உக்காரோணும்ங்கறதுக்கு இதுல கட்டமே இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டே தட்டினார். “சேரி, அத நா மனசுல வெச்சுக்கறன்.”

அந்த வாரமெல்லாம் மாமா மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார், பிள்ளை மாதிரி. மடித்து வைத்த துணிமணி அப்படியே இருந்தது. நான் பிரிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. அன்றைக்கென்று கீழேயிருந்து ஒரு ஊழியக்காரர் பிரசங்கத்துக்கு வந்திருந்தார். முடிக்கப்போகிறேன், முடிக்கப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லி நீட்டினார். என் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை, கர்த்தர் மன்னிக்கட்டும். பெண்கள் பக்கமிருந்து நான் மாமாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. பாயில் சம்மணம் போட்டு, கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருவிருந்துக்கு வரிசை கிளம்பியபோது பக்கத்தில் இருந்தவர் கைகொடுத்தார். எழுந்தார், நடந்தார், முழங்கால் போட்டார். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தபோது ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆசீர்வாதம் முடிந்து வெளியே வந்ததும் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை நீட்டினேன். “ஊட்டுக்குப் போயே போட்டுக்கறன் சாமி. வழில எங்கியும் எடமில்ல” என்றார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவரே கேட்டு வாங்கி விழுங்கினார். திங்கட்கிழமை கால் கொஞ்சம்தான் வீங்கியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை அதைவிடக் குறைவு. நான் துணிமணியைப் பிரித்து, கொடியில் பழைய இடத்தில் போட்டேன்.

அதற்கப்புறம் நர்சம்மா வரும்போதெல்லாம், பை மடியில் இருக்க, ஒரே விசாரிப்புதான். “ஞாயித்துக்கெழம என்னாச்சுங்க?” “முழுசா உக்காந்தனுங்க.” “சேரி.” அப்புறம்தான் மற்றது. பிரஷர் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். அதற்கு வேண்டியதைச் செய்வார், டாக்டரிடம் அனுப்புவார். ஆனால் அவர் முகம் மலர்வதும் வாடுவதும் அந்த முதல் பதிலுக்குத்தான். எங்கள் சபையில் சிலர், அவ்வளவு நல்லவரை ஆலயத்துக்கு அழைக்கக் கூடாதா என்று என்னிடம் கேட்டார்கள். நான் அழைத்தேன். “எனக்கு எங்க முருகன் இருக்கறாரு கண்ணு. உங்க மாமா அங்க உக்காந்தாப் போதும், எனக்கும் சேத்து” என்றார். நான் அவருக்காகவும் ஜெபிக்கிறேன். அவர் எங்களுக்காக வேல் முன்னால் விளக்கு வைத்திருப்பார். இதில் எது எப்படி என்று கர்த்தருக்குத் தெரியும்.

மாமாவின் இருதயம் சரியாகவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நடை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஆலயத்துக்கு ஜீப்பில்தான் கூட்டிப்போனோம், பாய்க்குப் பதில் நாற்காலி போட்டார்கள். ஒரு மழைக்காலத்தில், பகல் வேளையில், தன் கட்டிலில், மகன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, கர்த்தரிடம் போனார். பயமில்லாமல் போனார். வீட்டில் அழுகை இருந்தது, குறை இருக்கவில்லை.

நர்சம்மாவுக்குத் தகவல் தாமதமாகத்தான் போனது. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வந்தார். பை இல்லாமல் அவரைப் பார்த்தது அன்றுதான். கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கடைசி ஞாயித்துக்கெழம உக்காந்தாருங்களா?”

“உக்காந்தாருங்க.”

“முழுசா?”

“முழுசா.”

தலையை ஆட்டினார். காப்பி குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் வேறு பக்கம் மாற்றலாகிவிட்டார். இப்போது ஓய்வு பெற்றிருப்பார்.

இனி, எழுத வைத்த காரியம். மாமா கதை சபைக்குச் சபை போயிருக்கிறது. போகப் போக வளர்ந்திருக்கிறது. ‘பெரியவர் மாத்திரையெல்லாம் காப்பிச் செடியில் வீசினார், விசுவாசத்தோடு ஆலயத்தில் உட்கார்ந்தார், இருதயம் சுகமானது’ என்று ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகவே சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு, பக்கத்து எஸ்டேட்டில் இருதய நோய் உள்ள ஓர் அக்கா தன் மாத்திரையை நிறுத்திவிட்டார். போன மழையில் மூச்சு விட முடியாமல் தவித்தவரை என் வீட்டுக்காரர்தான் ஜீப்பில் கீழே கொண்டுபோனார். கர்த்தர் கிருபை, பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போன என்னிடம், “உங்க மாமனாரு வீசுனாரே, நா வீசுனா மட்டும் ஆகாதா?” என்று கேட்டார். குழந்தை மாதிரிக் கேட்டார்.

வாசிக்கிறவர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் நல்ல எண்ணத்தோடுகூட எதையும் கூட்டிவிடாதீர்கள். மாமா மாத்திரையைத் துப்பியபோது அவருக்குக் கால் வீங்கியது, மூச்சு முட்டியது. டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்றிப் போட்டபோது அவரால் உட்கார முடிந்தது. திருநீறு பூசிய ஒரு அம்மா கேட்டதால்தான் அது எங்களுக்கே தெரியவந்தது. மாமாவுக்கு இருதயம் குணமாகவில்லை. கர்த்தருடைய பந்தியில் அவர் இடம் கடைசி வரை காலியாகவும் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கர்த்தர் செய்தது இவ்வளவுதான். எங்களுக்கு அது நிறைவாக இருந்தது.